“நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?” – மறதி நோய் உள்ளவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு உதவுவது பற்றி

கேள்வி: டெக்சஸ் மாநிலம் ஹூஸ்டனில் முதியோர் பகல்நேரப் பராமரிப்பு மையம் ஒன்றில், குடும்பங்களோடு தொடர்பில் இருக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்த அப்பா அம்மாவை, கணவரை, மனைவியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக மாதம் ஒரு ஆதரவுக் கூட்டம் நடத்துகிறோம். எங்கள் மையத்தில் கறுப்பினத்தவர், மெக்சிகோ வழியினர், வியட்நாமியர், வெள்ளையர், நம் தமிழர் என எல்லாரும் உண்டு. கூட்டத்துக்கு வருவது மட்டும் வெள்ளையர்கள்தான். மற்றவர்களைக் கூப்பிட்டால் “எங்கள் வீட்டு ஆளை நாங்களே பார்த்துக்கொள்வோம்” என்று சொல்லிவிடுகிறார்கள். ஒவ்வொரு இனத்தவருக்கும் எப்படி உதவுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல முடியுமா?

பதில்:

ஜார்ஜியா மாநிலத்தில் மறதி நோய்க் குடும்பங்களோடு 17 வருடமாகச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். சேர்ந்த புதிதில் நானும் இதே கேள்வியைக் கேட்டேன். ஒரு அட்டவணையே கொடுத்தார்கள். கறுப்பினத்தவருக்குத் தேவாலயம் முக்கியம், லத்தீன் அமெரிக்க வழியினருக்குக் குடும்பம் முக்கியம், ஆசியருக்கு மானம் முக்கியம் என்று மூன்று கட்டம். அதைக் கையில் வைத்துக்கொண்டு போன வீடுகளில் பாதியில் தப்பாகப் பேசிவிட்டு வந்தேன். தேவாலயத்துக்குப் போவதை நிறுத்தி 30 வருடமான ஒரு கறுப்பின ஆசிரியரிடம் “உங்கள் போதகரிடம் பேசட்டுமா?” என்று கேட்டேன். அவர் முகம் மாறியது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அதனால் அப்படி ஒரு அட்டவணையை உங்களுக்குத் தர மாட்டேன். இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்தது இதுதான்: இனத்தை வைத்து ஒரு குடும்பத்துக்கு என்ன வேண்டும் என்று சொல்ல முடியாது. இதுவரை அந்தக் குடும்பத்துக்கு என்னென்ன கிடைக்காமல் போயிருக்கும், எந்தெந்த வாசலில் அவர்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்பதை மட்டும் ஓரளவு ஊகிக்கலாம். அந்த ஊகம் நம் வேலைக்கு உதவும். மற்றதையெல்லாம் அவர்களிடமே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் “நாங்களே பார்த்துக்கொள்வோம்” என்ற பதிலைப் பார்ப்போம். அதைக் கேட்டதும் சரி, இவர்களுக்கு உதவி தேவையில்லை என்று கோப்பை மூடிவிடுகிறோம். நானும் மூடியிருக்கிறேன்.

அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு மகள், வயது 58. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அம்மாவுக்கு 84. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பராமரிப்பவரின் சுமையை அளக்க 22 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு, உங்கள் மையத்திலும் இருக்கும். அம்மாவால் உங்களுக்குச் சிரமமா, கோபம் வருகிறதா, உங்கள் வாழ்க்கையே கைவிட்டுப் போனதுபோல் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்கும். எல்லாவற்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்றே வட்டம் போட்டார். மதிப்பெண்ணைப் பார்த்தால் அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. கிளம்பும்போது பேச்சுவாக்கில்தான் கேட்டேன், நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று. விரல் விட்டு எண்ணினார். அம்மா ஒரு மணிக்கு எழுந்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார். திரும்பப் படுக்க வைத்தபோது மணி இரண்டரை. மூன்றரைக்கு மறுபடியும் தொப்பி. நாலரைக்கு மகள் பேருந்துக்குக் கிளம்ப வேண்டும். கணக்குப் பார்த்தால் மொத்தம் மூன்று மணி நேரத் தூக்கம். பத்து மாதமாக இப்படித்தானாம். “பாரமா என்று கேட்டீர்கள். என் அம்மா எனக்கு எப்படிப் பாரமாவார்? தூக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லையே” என்றார்.

மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு ஐம்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பேருந்து ஓட்டுகிறார். நம் படிவத்தில் அவருக்குச் சுமை பூஜ்யம்.

அந்த வீட்டில் நாங்கள் செய்தவை சின்னச் சின்ன வேலைகள்தாம். அம்மாவுக்குச் சிறுநீர் பிரியும் மாத்திரையை மாலையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவரிடம் கேட்டு அதைக் காலைக்கு மாற்றினோம். தொப்பிப் பெட்டி அலமாரியின் மேல்தட்டில் கண்ணில் படும்படி இருந்தது, அது மகளின் அறைக்குப் போனது. மாலை நாலு மணித் தூக்கத்தை நிறுத்த, அந்த நேரத்தில் துணி மடிக்கும் வேலையை அம்மாவிடம் கொடுத்தார்கள். வாரம் இரண்டு பகல் அவரோடு உட்கார அவர்கள் சபையிலிருந்தே இரண்டு பெண்கள் வந்தார்கள். யார் வந்தால் அம்மா சும்மா இருப்பார் என்று கேட்டபோது மகள்தான் அந்த இரண்டு பேரைச் சொன்னார். என் அட்டவணை சொல்லி நடந்ததல்ல அது. ஆறு வாரத்தில் ஐந்தரை மணி நேரத் தூக்கம் வந்தது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2005-ல் மார்ட்டின் பின்குவார்ட், சில்வியா சோரன்சென் என்ற இரு ஆய்வாளர்கள் 116 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வெள்ளையர்களைவிடக் கறுப்பினப் பராமரிப்பாளர்கள் சுமையையும் மனச்சோர்வையும் குறைவாகவே சொல்லியிருந்தார்கள். லத்தீன் வழியினரிடமும் ஆசிய வழியினரிடமும் மனச்சோர்வு கூடுதல். ஆனால் வெள்ளையரல்லாத எல்லாப் பிரிவினரிடமும் உடல்நலம் மோசமாக இருந்தது. கறுப்பினக் குடும்பங்களில் மனசு தாங்குகிறது, உடம்பு தாங்கவில்லை என்று நான் இதைப் படிக்கிறேன். பெகி டில்வர்த்-ஆண்டர்சன் என்ற அறிஞர் வட கரோலினாவில் வருடக்கணக்காக இதைத்தான் ஆராய்ந்தார். பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது கடமை, நாம் வளர்ந்த முறை, அடுத்த தலைமுறைக்குக் காட்ட வேண்டிய பாடம் என்ற காரணங்கள் கறுப்பினக் குடும்பங்களில் அழுத்தமாக இருப்பதை அவருடைய ஆய்வுகள் காட்டின. அந்தப் பெருமை உண்மையானது. அதை ஏதோ மறைப்பு என்று நினைத்து நாம் தோண்டக் கூடாது. ஆனால் அந்தப் பெருமையைக் காட்டி, ‘இவர்கள் பலசாலிகள், சமாளித்துக்கொள்வார்கள்’ என்று விட்டுவிடுவது பெரிய அநியாயம்.

ஆகவே, சுமை இருக்கிறதா என்று யாரிடமும் கேட்காதீர்கள். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், கடைசியாக உங்களுக்காக மருத்துவரிடம் போனது எப்போது, உங்கள் ரத்த அழுத்த மாத்திரையை இன்று போட்டீர்களா, குளிக்கும்போது அவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு எந்த இனத்தவரும், எந்த மானக்காரரும் மறைக்காமல் பதில் சொல்கிறார்கள். அன்பைச் சந்தேகிக்கும் வாடை இந்தக் கேள்விகளில் இல்லை.

திருப்பி அனுப்பிய வாசல்கள் என்று சொன்னேன் இல்லையா? அமெரிக்காவில் 65 வயது தாண்டிய கறுப்பினத்தவருக்கு அல்சைமர் போன்ற மறதி நோய்கள் வரும் வாய்ப்பு, அதே வயது வெள்ளையர்களைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. லத்தீன் வழியினருக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ரத்தத்தில் வந்ததாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டுப்படாத ரத்த அழுத்தம், சர்க்கரை, குறைந்த படிப்பு, குறைந்த சம்பளம், நல்ல மருத்துவமனை எட்டாத தூரம் என்று வாழ்நாள் முழுதும் சேர்ந்த வட்டிதான் இதில் பெரும்பங்கு. இன்று 85 வயதான ஒரு தெற்கு மாநிலக் கறுப்பின மூதாட்டி, கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய தனிப்பள்ளியில் கிழிந்த பழைய புத்தகங்களை வைத்துப் படித்தவர். பள்ளிப் பிரிவினை சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 1954-ல்தான். அலபாமாவின் டஸ்கீகீயில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் வந்த கறுப்பின ஆண்களுக்கு மருந்து இருந்தும் கொடுக்காமல் அரசு மருத்துவர்களே வேடிக்கை பார்த்த கொடுமை வெளியானபோது அவருக்கு முப்பதை ஒட்டிய வயது. அவருடைய மகள் உங்கள் மையத்தின் ஒப்புதல் படிவத்தை மூன்று தடவை படிப்பதற்கு இதுவும் காரணம். பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் விளக்குங்கள். ‘வழக்கமான படிவம்தான், கையெழுத்துப் போடுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2021-ல் அல்சைமர் சங்கம் வெளியிட்ட கணக்கெடுப்பில், மருத்துவம் தேடிப் போன இடத்தில் பாகுபாட்டைச் சந்தித்ததாகக் கறுப்பின அமெரிக்கர்களில் பாதிப்பேர் சொன்னார்கள். உங்கள் கூட்டத்துக்கான அழைப்பை அந்த அனுபவத்தோடுதான் அவர்கள் படிக்கிறார்கள்.

அப்புறம், நோய் கண்டுபிடிக்கும் இடத்திலேயே ஒரு சிக்கல் உண்டு. குடும்பங்கள் இதைப் பற்றி உங்களிடம்தான் வந்து புலம்புவார்கள். வழக்கமான ஞாபகப் பரிசோதனையில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், இது என்ன பருவகாலம் என்று கேட்பார்கள். மெக்சிகோவின் மலைக்கிராமத்தில் மூன்றாம் வகுப்போடு நிறுத்தி வயலுக்குப் போனவர் பேனாவையே பிடிக்கத் தயங்குவார். அவருக்கு இல்லாத நோயை மதிப்பெண் காட்டும். படித்த தமிழ் அப்பாவுக்கோ நோய் தொடங்கிவிட்ட பிறகும் நல்ல மதிப்பெண் வரக்கூடும். இதற்காகவே 2004-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ‘ருடாஸ்’ என்ற பரிசோதனையை உருவாக்கினார்கள். கடைக்குப் போய் வாங்க வேண்டிய தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சோப்பு நான்கையும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லும். சிக்னல் இல்லாத நெரிசலான சாலையைப் பத்திரமாக எப்படிக் கடப்பீர்கள் என்று கேட்கும். மொழியும் படிப்பும் அதன் மதிப்பெண்ணைக் குறைவாகவே பாதிக்கின்றன. “இந்தப் பரிசோதனை செய்ய முடியுமா?” என்று மருத்துவரிடம் கேட்கும்படி குடும்பத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

அந்த அறையில் மொழிபெயர்ப்பது பிள்ளையாக இருக்க வேண்டாம். பாசத்தில் அவர்கள் விடையைத் திருத்திச் சொல்லிவிடுவார்கள். “அம்மா தேதியைச் சரியாகத்தான் சொன்னாங்க, ஒரு நாள்தான் முன்னே பின்னே.” நான் நேரில் பார்த்தது இது. அந்த அம்மா சொன்னது வேறு மாதம், வேறு வருடம். மத்திய அரசின் பணத்தைப் பெறும் மருத்துவமனைகள் இலவசமாக மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்பது இங்கே சட்டம். தமிழுக்கும் தொலைபேசி வழியாக ஆள் கிடைப்பார். கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

சொற்களிலும் கவனம் தேவை. சீன மொழியில் இந்த நோய்க்கு வழக்கத்திலிருந்த ‘சீ-தாய்’ என்ற சொல்லுக்கு முட்டாள்தனம், மந்தம் என்று பொருள். ஜப்பான் 2004-ல் இப்படிப்பட்ட தன் பழைய சொல்லைக் கைவிட்டு ‘அறிதல் குறைபாடு’ என்ற பொருள் தரும் சொல்லுக்கு மாறியது. ஸ்பானிய மொழியில் ‘தெமென்சியா’ என்றால் பைத்தியம் என்று பாட்டியின் காதில் விழும். நம்மிடம் மட்டும் என்ன? யாழ்ப்பாணத்து வீடுகளில் ‘அறளை பேந்திட்டுது’ என்பார்கள். மதுரைப் பக்கம் ‘புத்தி தடுமாறிப்போச்சு’ என்பார்கள். உங்கள் அழைப்பிதழில் ‘டிமென்ஷியா ஆதரவுக் கூட்டம்’ என்று பெரிதாக அச்சடித்திருந்தால், அதைக் கையில் பிடித்துக்கொண்டு சொந்தக்காரர்கள் கண்முன் நடக்க ஒருவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ‘ஞாபகம் குறைந்த பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு’ என்று மாற்றிப் பாருங்கள்.

இனி, எது உண்மையில் உதவுகிறது என்பதற்கு நல்ல சான்று உள்ள ஒரு ஆய்வைச் சொல்கிறேன். ‘ரீச்-2’ என்று பெயர், முடிவுகள் 2006-ல் வந்தன. பர்மிங்ஹாம், மெம்ஃபிஸ், மயாமி, பாலோ ஆல்ட்டோ, பிலடெல்பியா ஆகிய ஐந்து ஊர்களில் 642 குடும்பங்கள். லத்தீன் வழியினர், வெள்ளையர், கறுப்பினத்தவர் என ஒவ்வொரு பிரிவிலும் 200-க்கு மேல். இனவாரியாகத் தனித்தனியே முடிவு பார்க்கும் அளவுக்கு ஆட்களைச் சேர்த்ததே அந்தக் காலத்தில் பெரிய விஷயம். ஆறு மாதத்தில் 12 சந்திப்புகள். ஒன்பது சந்திப்புகளுக்குப் பயிற்சி பெற்ற ஆள் வீட்டுக்கே போனார், மூன்று தொலைபேசியில். கூடவே தொலைபேசி வழியாக ஐந்து குழு உரையாடல்கள். எல்லார் வீட்டிலும் ஒரே பாடத்தை ஒப்பிக்கவில்லை. முதலில் அந்த வீட்டில் எது ஆபத்து என்று கேட்டார்கள். அவர் இன்னும் கார் ஓட்டுகிறாரா, அடுப்பை எரியவிட்டுப் போகிறாரா, பார்த்துக்கொள்பவர் தூங்குகிறாரா என்று பார்த்து, அங்கிருந்து தொடங்கினார்கள். முடிவில் இந்த உதவியைப் பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது, பெறாதவர்களில் 22.7 சதவீதம் பேருக்கு. வாழ்க்கைத்தரம் லத்தீன் வழியினருக்கும் வெள்ளையர்களுக்கும் நன்றாகவே உயர்ந்தது. கறுப்பினத்தவரில் கணவனை அல்லது மனைவியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு மட்டும் உயர்ந்தது. மகள்களுக்கும் மருமகள்களுக்கும் அந்த அளவு தெரியவில்லை.

இந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். ஒரே இனம், ஆனால் மனைவிக்கு உதவியது மகளுக்கு உதவவில்லை. மகளுக்கு வேலை இருக்கிறது, பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளை இருக்கிறது, சனிக்கிழமையிலும் ஷிஃப்ட் இருக்கிறது. அவருக்குக் குறைந்தது அறிவுரை அல்ல, நேரம் என்று நான் நினைக்கிறேன். இது ஆய்வாளர்களின் முடிவு அல்ல, என் ஊகம். ஆனால் என் வேலையில் தினமும் பார்ப்பது இதைத்தான்.

உங்கள் கூட்டம் எத்தனை மணிக்கு? செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றுக்கா? அப்படியானால் ஓய்வு பெற்றவர்கள்தான் வருவார்கள், அதாவது பெரும்பாலும் கணவன் மனைவிகள். வெள்ளையர் வீடுகளில் பார்த்துக்கொள்வது பல நேரம் வயதான துணை, மற்ற வீடுகளில் பல நேரம் வேலைக்குப் போகும் மகள். கூட்டத்தின் நிறத்தை உங்கள் கடிகாரமே முடிவு செய்திருக்கலாம். இரவு எட்டரைக்குத் தொலைபேசியில் ஒரு முறை வைத்துப் பாருங்கள். ரீச் ஆய்வில் குழுவைத் தொலைபேசியில் நடத்தியது சும்மா இல்லை. நேரில்தான் என்றால், அம்மாவையும் கூட்டி வரட்டும், அடுத்த அறையில் ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லுங்கள். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு, அம்மாவைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்கு எப்படி வருவார்கள்?

இடத்தையும் மாற்றலாம். அட்லாண்டாவில் ஃபெய்ரான் எப்ஸ் என்ற செவிலியர் ஆய்வாளர் தொடங்கிய ‘ஆல்ட்டர்’ என்ற திட்டம், கறுப்பினத் தேவாலயங்களையே மறதி நோய்க் குடும்பங்களுக்கு ஏற்றபடி மாற்ற உதவுகிறது. ஆராதனை நடுவே எழுந்து நடப்பவரை யாரும் முறைக்காமல் இருக்கச் சபையாரைப் பழக்குகிறார்கள். பழைய பாடல்கள், குறைந்த நேரம், சத்தம் தாங்காவிட்டால் போய் உட்கார ஒரு அமைதியான அறை. இப்படிச் செய்தால் இரண்டு வருடமாக வீட்டோடு அடைந்து கிடந்த மகளும் வெளியே வருகிறார். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டொலோரெஸ் கல்லகர்-தாம்ப்சன் குழு, லத்தீன் வழியினருக்காகப் புகைப்படங்களும் வசனக் குமிழ்களும் வைத்த படக்கதைப் புத்தகம் ஒன்றைத் தயாரித்தது. அத்தையும் மகளும் தம்பியும் சமையலறையில் சண்டை போட்டு, பிறகு வேலையைப் பிரித்துக்கொள்ளும் கதை மாதிரி ஒன்று, பத்துப் பக்கத் துண்டறிக்கையைவிட வீட்டில் அதிகம் கைமாறும். உங்கள் வியட்நாமியக் குடும்பங்களுக்கு எந்த இடம் என்பதை அவர்களிடமே கேளுங்கள். விகாரையாக இருக்கலாம், கத்தோலிக்கத் தேவாலயமாக இருக்கலாம், காய்கறி அங்காடிக்குப் பின்னால் இருக்கும் முதியோர் மன்றமாகக்கூட இருக்கலாம்.

நம்மவர்களிடம் வருகிறேன். நம் மொழி, நம் ஊர் என்பதால் நமக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வரும். அதுதான் ஆபத்து. தமிழ்க் குடும்பங்களில் நான் அடிக்கடி பார்ப்பது இது. அப்பா இறந்ததும் அம்மாவை இங்கே கூட்டி வந்திருப்பார்கள். தெரிந்த தெரு, பால்காரர், கோயில் மணி, பக்கத்து வீட்டு அக்கா எல்லாம் அங்கேயே நின்றுவிடும். ஊரில் பழக்கத்தால் மறைந்திருந்த மறதி இங்கே ஆறு மாதத்தில் வெளியே தெரியும். மின்னடுப்பு புரியாது. பகலில் மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின், பூட்டிய வீட்டில் எட்டு மணி நேரம். ஊரிலிருக்கும் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வாட்ஸாப்பில் அம்மாவோடு பத்து நிமிடம் பேசிவிட்டு “நல்லாத்தானே பேசுறாங்க, நீங்க ஏன் டாக்டர்கிட்ட அலையுறீங்க?” என்பார். அந்தப் பத்து நிமிடத்துக்கு அம்மா தன் சக்தியையெல்லாம் திரட்டிக்கொள்வார் என்பதும், பேசி முடித்ததும் “யாருடன் பேசினேன்?” என்று கேட்பார் என்பதும் மருமகளுக்கு மட்டும்தான் தெரியும். இப்படிப்பட்ட வீட்டில் நான் முதலில் செய்வது, ஊரிலிருப்பவர்களையும் சேர்த்து ஒரு காணொளி அழைப்பு. நோயைப் பற்றி மருமகள் சொன்னால் குற்றச்சாட்டாகக் கேட்கும், வெளியாள் சொன்னால் தகவலாகக் கேட்கும்.

பின்னால் கற்ற மொழி முன்னால் போய்விடும் என்பதையும் அவர்களிடம் சொல்லி வையுங்கள். வங்கியில் 30 வருடம் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவர்கூட ஒரு கட்டத்தில் தமிழுக்கே திரும்பிவிடுவார். பகல்நேர மையத்தில் அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் நோய் முற்றிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். சாயங்காலமானால் பையை எடுத்துக்கொண்டு “வீட்டுக்குப் போகணும்” என்பார்கள். எல்லா இனத்துப் பெரியவர்களும் சொல்வதுதான். “இதுதான் உங்க வீடு” என்று வாதாடினால் அழுகைதான் மிஞ்சும். “வீட்டுல யாரு காத்துக்கிட்டிருப்பா?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பாட்டி எனக்குத் தன் மாட்டின் பெயரைச் சொன்னார், அது கன்று போட்டிருக்கிறது, பால் கறக்க வேண்டும் என்றார். அதைப் பற்றிக் கால்மணி நேரம் பேசியதும் பையைக் கீழே வைத்துவிட்டார்.

பண விஷயத்தில் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: நிரந்தரமாக வசிக்க உரிமை தரும் பச்சை அட்டையில் (கிரீன் கார்டு) வந்த பெற்றோர் இங்கே ஐந்து வருடம் தொடர்ந்து வசித்திருந்தால்தான், 65 வயதுக்கு மேல் பணம் கட்டியாவது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேர முடியும். விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்கு அந்த வழியே இல்லை. குடும்பப் பராமரிப்புக்காக வருடம் 12 வாரம் சம்பளமில்லாத விடுப்பு தரும் 1993-ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோருக்குப் பொருந்தும், மாமனார் மாமியாருக்குப் பொருந்தாது. மருமகள் மாமியாரைப் பார்த்துக்கொள்வதுதான் முறை என்று இருக்கும் எல்லாச் சமூகத்தையும் இது அடிக்கிறது. எனவே அந்த விடுப்பை மகன்தான் கேட்க வேண்டும். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களின் சம்பளத்தோடு கூடிய விடுப்பில் மாமனார் மாமியாரும் சேர்த்தி. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குப் பல மாநிலங்களில் மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவ உதவித் திட்டம் வழியாக, வீட்டில் பார்த்துக்கொள்ளும் மகளுக்கே மணிக்கணக்கில் கூலி கிடைக்கும். மகளுக்குச் சம்பளமா என்று பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். வேலையை விட்ட மகளின் வாடகைக்கு அது என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

மெடிகேர் உள்ளவர்களுக்கு 2024 ஜூலை 1-ல் ‘கைட்’ என்ற எட்டு வருடத் திட்டம் தொடங்கியிருக்கிறது. அதில் சேர்ந்த மருத்துவக் குழு ஒரு வழிகாட்டியையும், எந்த நேரமும் பேச ஒரு தொலைபேசி எண்ணையும் தரும். நோய் ஓரளவு முற்றியவர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு ஓய்வு கிடைப்பதற்காக வருடத்துக்கு 2,500 டாலர் வரை மாற்று ஆளுக்குச் செலவழிக்கலாம். தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. ஹூஸ்டனில் எந்தக் குழுக்கள் சேர்ந்திருக்கின்றன என்று இந்த வாரமே விசாரித்து, எண்ணை உங்கள் மேசையில் ஒட்டி வையுங்கள். அல்சைமர் சங்கத்தின் 1-800-272-3900 என்ற எண் 24 மணி நேரமும் உண்டு, மொழிபெயர்ப்பாளர் வசதியோடு. கூட்டத்துக்கு வராதவர்கள் இரவு இரண்டு மணிக்கு அந்த எண்ணைக் கூப்பிடுவார்கள். குடியேற்றக் காகிதம் சரியில்லாத வீடுகளில் எந்தப் படிவமும் பயத்தைக் கிளப்பும். பெயர் கேட்காத உதவி எது என்று நீங்களே முதலில் தெரிந்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து தொடங்குங்கள்.

இந்த மாதம் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். கூட்டத்துக்கு வராத குடும்பங்களில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, வேலை முடிந்து சாப்பிட்ட பின் இருக்கும் நேரத்தில் கூப்பிடுங்கள். கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். தூக்கத்தைக் கேளுங்கள், மாத்திரையைக் கேளுங்கள், ஒரு நாளில் எந்த மணி நேரம் மிகக் கஷ்டம் என்று கேளுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஏதாவது வழி செய்யப் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் அம்மாவை நாங்கள் என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு, கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இந்தத் தெற்கு மாநிலங்களில் ஒரு காலத்தில் வயதான கறுப்பினப் பெண்களை வெள்ளைக்காரச் சிறுபிள்ளைகள்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், ‘மிசஸ்’ என்ற மரியாதை அவர்களுக்குக் கிடையாது. அதனால் அன்பாக இருப்பதாக நினைத்துப் புது ஊழியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், மற்றதெல்லாம் மறந்துபோன ஒரு மூதாட்டிக்கும் அது சுருக்கென்று குத்தும். அவருக்கு ‘மிசஸ்’ வேண்டும். அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் திருநெல்வேலிப் பாட்டி ‘மிசஸ்’ என்றால் திரும்பியே பார்க்க மாட்டார். “ஆச்சி” என்று கூப்பிட்டுப் பாருங்கள்.